ஒரு கோடுகூட வரையாத கட்டடத்துக்கு எனர்ஜி மாடலா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஐந்து மாடி அலுவலகக் கட்டடம், மொத்தம் 6,000 சதுர மீட்டர். மனை முடிவாகிவிட்டது, வரைபடம் இன்னும் இல்லை. எனர்ஜி மாடலிங்கை, அதாவது கட்டடம் எவ்வளவு ஆற்றல் இழுக்கும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதை, இப்போதே தொடங்கச் சொல்கிறார் ஒருவர். வரைபடம் முடிந்த பிறகு கூப்பிடுங்கள், இப்போது செய்தால் எல்லாம் ஊகம் என்கிறார் இன்னொருவர். சுவர் எங்கே, ஜன்னல் எங்கே என்றே தெரியாதபோது எதை வைத்து மாடல் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதே தொடங்குங்கள். ஊகம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, இந்தக் கட்டத்தில் மாடலுக்குள் போகும் பாதி எண்கள் ஊகம்தான். ஆனால் மாடல் இல்லாவிட்டாலும் அதே ஊகங்கள் நடந்துகொண்டுதான் இருக்கும். முதல் கூட்டத்தில் கட்டிடக் கலைஞர் மேசைமேல் கையால் ஒரு நீள்சதுரம் காட்டி, ‘முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, நடுவில் லிஃப்ட்’ என்று சொல்லும்போது, அதற்குள் வெயில், வெளிச்சம், ஏசி லோடு (ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பம்) பற்றிய பத்து ஊகங்கள் இருக்கின்றன. யாரும் அவற்றை எழுதி வைப்பதில்லை, சரிபார்ப்பதுமில்லை. ஆறு மாதத்தில் அவை கான்கிரீட்டாக நிற்கும். ஆரம்பகால மாடல் அந்த ஊகங்களையெல்லாம் தாளில் எழுத வைக்கிறது. அவற்றில் எது தப்பாகப் போனால் பெரிய சேதம், எது எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று பிரித்துக் காட்டுகிறது. இந்தக் கட்டத்தில் அதனிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவே.

குழப்பம் வருவது, இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே பெயர் இருப்பதால். வரைபடம் முடிந்த பிறகு செய்யும் மாடல் ஒரு சான்று. விதிமுறை கேட்கும் அளவுக்குள் கட்டடம் இருக்கிறதா, விதிமுறையின் குறைந்தபட்ச அளவில் கற்பனையாக அமைத்த ஒப்பீட்டுக் கட்டடத்தைவிட எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்ட அது தேவை, அதற்கு ஒவ்வொரு ஜன்னலும் சரியாக இருக்க வேண்டும். வரைபடத்துக்கு முந்தைய மாடல் ஒப்பிடுவதற்கானது. ‘இந்தக் கட்டடம் ஆண்டுக்கு எத்தனை யூனிட் இழுக்கும்?’ என்று அதனிடம் கேட்டால் அது தடுமாறும். ‘கட்டடத்தை இப்படித் திருப்பி வைத்தால் எவ்வளவு மாறும்? கண்ணாடியைப் பாதியாக்கினால்? சுவருக்கு இரண்டு மடங்கு இன்சுலேஷன் (வெப்பத் தடுப்பு) போட்டால்?’ என்று கேட்டால் நன்றாகவே பதில் சொல்லும். ஒரே பிழை இரண்டு பக்கமும் இருக்கும்போது கழித்தால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அதனால்தான் மொத்த எண்ணில் பிழை இருந்தாலும் வித்தியாசத்தை நம்பலாம்.

ஏன் அவசரம் என்பதற்கு, எச்.ஓ.கே. என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் பேட்ரிக் மெக்லீமி 2004-ஐ ஒட்டிப் பரப்பிய ஒரு வரைகோட்டைக் கட்டுமானத் துறையில் அடிக்கடி காட்டுவார்கள். ஒரு கோடு, முடிவுகளுக்கு உள்ள செல்வாக்கு. அது நாளாக ஆக இறங்கும். இன்னொன்று, மாற்றம் செய்ய ஆகும் செலவு. அது நாளாக ஆக ஏறும். கட்டுமானப் பொறியியல் பேராசிரியர் பாய்ட் பால்சன் 1976-லேயே இதே கருத்தைப் படமாக வரைந்திருந்தார். எனர்ஜி விஷயத்தில் இது இன்னும் கடுமை. கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு அகலம், எத்தனை மாடி என்பவை முதல் இரண்டு மூன்று வாரங்களிலேயே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு வருபவர் ஏசி மெஷினின் திறனைக் கூட்டலாம், எல்.இ.டி. மாற்றலாம். கட்டடத்தைத் திருப்பி வைக்க முடியாது.

எனக்கு இது ஒரு திட்டத்தில் நேர்ந்தது. நான் உள்ளே வந்தபோது முகப்பு முடிவாகி, கட்டட உரிமையாளருக்குப் படம் காட்டி, அவருக்கும் பிடித்துப் போயிருந்தது. நீளமான பக்கம் மேற்கு, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. மாடல் ஓட்டியதும் மேற்குப் பக்க அறைகளின் மதிய லோடு மற்ற அறைகளைப் போல மூன்று மடங்கு வந்தது. சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், யாருக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் மிச்சமிருந்த வழி, விலை கூடிய கண்ணாடியும் பெரிய ஏசி மெஷினும்தான். இரண்டையும் வாங்கினார்கள். அந்தக் கட்டடத்தில் மதியம் மூன்று மணிக்கு மேற்குப் பக்கம் முழுக்க உள்திரைகள் இறங்கி விளக்குகள் எரிகின்றன. வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியை மூடிவிட்டு விளக்கைப் போட்டுக்கொள்கிறார்கள். நான் உள்ளே வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பெட்டி மாடல் ஓட்டியிருந்தால் போதும் என்ற எண்ணம் இன்றும் எனக்குப் போகவில்லை.

பெட்டி மாடல் என்றால் என்ன? நிஜமாகவே ஒரு பெட்டி. நீங்கள் சொன்ன 6,000 சதுர மீட்டரை ஐந்து மாடியாகப் பிரித்தால் மாடிக்கு 1,200. அதை ஒரு நீள்சதுரமாக வைத்து, ஒவ்வொரு மாடியையும் ஐந்து பகுதியாக வெட்டுவோம்: நான்கு திசைக்கும் சுவரை ஒட்டி 4.5 அல்லது 5 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு பகுதி, நடுவில் ஒன்று. கழிப்பறை, படிக்கட்டு, கூட்ட அறை எதுவும் தனியாக வேண்டாம். நான்கு பக்கமும் ஒரே விகிதத்தில் ஜன்னல். ஏசி எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. எனர்ஜிபிளஸ் மென்பொருளில் ‘ஐடியல் லோட்ஸ்’ என்றொரு வசதி உண்டு. எந்தக் கருவி என்று கேட்காமல், அறையை 24 டிகிரியில் வைக்க ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு வெப்பத்தை எடுக்க வேண்டும் என்று மட்டும் அது சொல்லும். இந்தக் கட்டத்துக்கு அது போதும். கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கூட்டம் முழுக்க அதிலேயே போய்விடும், லோடை எப்படிக் குறைப்பது என்ற பேச்சே எழாது.

இது யாரோ குறுக்குவழியாகக் கண்டுபிடித்த பழக்கம் இல்லை. ஏசி, வெப்பமூட்டல் துறைப் பொறியாளர்களின் அமெரிக்க அமைப்பான ஆஷ்ரே 2018-ல் வெளியிட்ட 209-ஆம் தரநிலை, மாடலிங்கைப் பதினோரு சுற்றுகளாகப் பிரிக்கிறது. முதல் சுற்றின் பெயரே எளிய பெட்டி மாடல். கட்டடத்தின் வடிவமும் திசையும் முடிவாவதற்கு முன்பே அதைச் செய்யச் சொல்கிறது. கடைசிச் சுற்று, மக்கள் குடியேறிய பிறகு நிஜ மீட்டரோடு ஒப்பிடுவது. லீட் பசுமைச் சான்றின் நான்காம் பதிப்பும் முதற்கட்ட வடிவமைப்பு முடிவதற்கு முன் பெட்டி மாடல் செய்வதற்கு மதிப்பெண் வைத்தது. எனவே வரைபடம் இல்லாமல் மாடல் செய்ய முடியாது என்று சொல்பவர் இந்த வேலையின் பின்பாதியை மட்டும் செய்து பழகியவராக இருக்கலாம்.

பெட்டிக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு, வானிலைக் கோப்பைப் படிப்பது. கணினிக்குள் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள். இ.பி.டபிள்யூ. என்ற வடிவில் ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் அதில் இருக்கும். இரவில் எவ்வளவு குளிர்கிறது? பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால், கனமான சுவரும் தளமும் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவுக் காற்றில் விட்டுவிடும். 4 அல்லது 5 டிகிரிதான் இடைவெளி என்றால் அந்தச் சுவரால் பெரிய பயன் இல்லை, அதைப் பற்றிய விவாதத்தை அன்றே மூடிவிடலாம். ஈரப்பதம் ஆண்டில் எத்தனை மணி நேரம் மிகையாக இருக்கிறது? வெளிக்காற்றே இதமாக இருக்கும் மணி நேரங்கள் எத்தனை, அவை அலுவலக நேரத்தில் வருகின்றனவா, இல்லை விடியற்காலையில் வந்து யாருக்கும் உதவாமல் போகின்றனவா? ஒரு நாள் இதற்குச் செலவழித்தால் பத்து யோசனைகளில் நான்கை மாடல் ஓட்டாமலே கழித்துவிடலாம். காலநிலைக்கு ஏற்ற கட்டட வடிவமைப்பை ஆராய்ந்த கட்டிடக் கலைஞர்களான ஓல்கே சகோதரர்கள் 1950-களிலும் 60-களிலும் கணினி இல்லாமல், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரே வரைதாளில் குறித்து இதைத்தான் செய்தார்கள்.

இந்தக் கோப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் பல, பல்லாண்டுப் பதிவுகளிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் வழக்கமான ஒரு மாதத்தைப் பொறுக்கி ஒட்டிய ‘வழக்கமான ஆண்டு’. கடுமையான வெப்ப அலை அதில் இருக்காது. பழைய பதிவுகளாக இருந்தால் இன்றைய வெப்பமும் இருக்காது. கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கப் போகிறது. அதனால் அதே பெட்டியை வெப்பம் கூடிய ஒரு கோப்பிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு கோப்பிலும் முதலிடத்தில் நிற்கும் யோசனைதான் நம்பகமானது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். வடிவம் தெரியாதே என்று கவலைப்படுகிறீர்கள். ஆரம்பகால மாடலில் பெரும்பாலும் வடிவத்தைவிடக் கனமாக விழுவது, உள்ளே யார், எப்போது, என்ன செய்யப் போகிறார்கள் என்பது. இதற்கு வரைபடமே தேவையில்லை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அலுவலகம் ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரம் 5 நாள் என்றால் ஆண்டுக்கு 2,600 மணி. கணினி, திரை, பிரிண்டர் போன்ற பிளக்கில் மாட்டும் பொருட்கள் வேலை நேரத்தில் சதுர மீட்டருக்கு 10 வாட் இழுக்கின்றன என்று வைப்போம். 2,600 மணிக்கு 26 யூனிட். சரி, மற்ற நேரம்? யாரும் இல்லாதபோது சதுர மீட்டருக்கு 3 வாட்தான், கேட்டால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் ஆண்டில் மீதி 6,160 மணி நேரம் இருக்கிறது. 3 வாட் அத்தனை மணிக்கும் ஓடினால் 18.5 யூனிட். அதாவது பிளக் லோடின் 40 சதவீதத்துக்கும் மேல், ஒருவரும் இல்லாத கட்டடத்தில் எரிகிறது. 6,000 சதுர மீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் யூனிட். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் சோலார் பேனல் ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் தரும் என்று வைத்தால், இந்த இரவு லோடை ஈடுகட்ட மட்டும் 80 கிலோவாட் பேனல் வேண்டும். ஒரு சுவரும் வரையாமல் கிடைத்த விடை இது. இதற்கான தீர்வும் கட்டிடக் கலைஞரிடம் இல்லை. கணினித் துறையை நடத்துபவரிடமும், பிளக் சர்க்யூட்டை இரவில் தானாக அணையும்படி பிரிக்கும் மின் பொறியாளரிடமும் இருக்கிறது. அவர்களை முதல் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வந்ததே இந்தக் கணக்கால்தான்.

அடுத்தது ஆட்களின் எண்ணிக்கை. சூடும் ஈரமும் மிகுந்த காலநிலை என்றால் இதில் மிகக் கவனமாக இருங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய 130 வாட். அவருக்காக உள்ளே கொண்டுவரும் வெளிக்காற்றோ அதைவிடப் பெரிய சுமை. நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்று வையுங்கள். வெளியே 32 டிகிரி, கசகசப்பு. உள்ளே 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். அந்தக் காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிழிந்தெடுக்க ஆளுக்குச் சுமார் 420 வாட் குளிர்ச்சி வேண்டும். உடம்பு வெப்பத்தைப் போல மூன்று மடங்கு. 600 பேர் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் வெளிக்காற்றுக்கு மட்டும் 250 கிலோவாட், அதாவது 70 டன்னுக்கு மேல் ஏசி. உண்மையில் எந்த நேரத்திலும் 360 பேருக்கு மேல் இருப்பதில்லை என்றால் அது 43 டன். இந்த வித்தியாசத்தைக் கண்ணாடி மாற்றிப் பெற முயன்றால் எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே மொத்த ஊழியர் எத்தனை என்று கேட்டு நிறுத்தாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எத்தனை பேர் இருப்பார்கள், வெள்ளி மாலை நான்கு மணிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். வருகைப் பதிவு எல்லா அலுவலகத்திலும் இருக்கும். கரியமில வாயு அளவைப் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கருவி உங்களுக்குத் தேவையா என்பதும் அந்தப் பதிவிலிருந்தே தெரிந்துவிடும்.

உரிமையாளருக்கு ஏற்கெனவே வேறொரு அலுவலகம் இருந்தால் அது உங்களுக்குப் பெரிய சொத்து. அதன் பன்னிரண்டு மாத மின் கட்டண ரசீதுகளை வாங்குங்கள். யூனிட்டைப் பரப்பளவால் வகுங்கள். பிறகு அந்தப் பழைய கட்டடத்தையும் ஒரு பெட்டியாகப் போட்டு ஓட்டி, ரசீதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதலில் ஒத்துப்போகாது. எங்கே போகவில்லை என்று தேடும்போதுதான் யாரும் சொல்லாத சர்வர் அறையும், சனிக்கிழமையும் ஓடும் ஏசியும் வெளியே வரும். புதுக் கட்டடத்துக்கு அதே மனிதர்கள் அதே பழக்கங்களோடுதான் குடிபோகப் போகிறார்கள். எந்தக் கையேட்டில் உள்ள சராசரி எண்ணைவிடவும் அந்த ரசீது உங்களுக்கு நெருக்கமானது.

இப்போது வடிவத்துக்கு வரலாம். அதுவும் முக்கியம்தான், பயன்பாடு தெரிந்த பிறகு பார்த்தால் நன்றாகப் புரியும். மாடிக்கு 1,200 சதுர மீட்டரை இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள். ஒன்று சதுரம், பக்கத்துக்கு 34.6 மீட்டர். இன்னொன்று 80க்கு 15 மீட்டர் நீள்சதுரம். சதுரத்தின் சுற்றளவு 139 மீட்டர், நீள்சதுரத்தின் சுற்றளவு 190 மீட்டர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சுவர் கூடுகிறது. கட்டுமானச் செலவைப் பார்ப்பவர் சதுரத்தைத்தான் தேர்வு செய்வார், அவர் கணக்கும் சரிதான். ஆனால் பகல் வெளிச்சம் ஜன்னலிலிருந்து உள்ளே போகும் தூரம், ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்குதான். பெரும்பாலான அலுவலகங்களில் 5 மீட்டர் என்று வைக்கலாம். நீள்சதுரத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தால், இருபுறமும் 5 மீட்டர் வெளிச்சம் விழுந்து மாடியில் மூன்றில் இரண்டு பங்கு விளக்கில்லாமல் வேலை செய்யும். சதுரத்தில் நான்கு பக்கத்தையும் சேர்த்தால்தான் பாதி தேறும். அந்தப் பாதியிலும் ஏறக்குறைய பாதி கிழக்கும் மேற்கும். தாழ்ந்த வெயில் நேராகக் கண்ணில் படும் என்பதால் திரை போட்டு மூடியிருக்கும் பக்கங்கள்.

அதே நீள்சதுரத்தைத் திருப்பி, 80 மீட்டர் பக்கம் மேற்கு பார்க்கும்படி வைத்தால் என்ன ஆகும்? மாடிக்கு 2 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி என்று வைப்போம், 160 சதுர மீட்டர். மாலை வெயில் செங்குத்துக் கண்ணாடியில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது. கண்ணாடி நல்ல ரகம், அதில் 40 சதவீதத்தைத்தான் உள்ளே விடுகிறது. மாடிக்கு 38 கிலோவாட், ஐந்து மாடிக்கு 192. டன் கணக்கில் சுமார் 55. நீள்சதுரத்தைச் சரியாக வைத்திருந்தால் மேற்கில் 15 மீட்டர் சுவர்தான். ஐந்து மாடிக்கும் சேர்த்து 36 கிலோவாட், 10 டன். சுவரும் தரையும் கொஞ்சத்தை உறிஞ்சித் தாமதமாக விடும் என்பதால் முழு எண்ணும் அதே நிமிடத்தில் ஏசிமேல் விழாது. வடக்கு, தெற்குக் கண்ணாடியிலும் கொஞ்சம் வெப்பம் வரும். அதையெல்லாம் மாடல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரே கட்டடம், ஒரே செலவு, ஒரே கண்ணாடி. திசை மட்டும் வேறு. இவ்வளவு பெரிய வித்தியாசம் இலவசமாகக் கிடைப்பது வரைபடத்துக்கு முந்தைய அந்தச் சில வாரங்களில் மட்டும்தான்.

மனை குறுகலாக இருந்து மேற்கைத் தவிர்க்க வழியே இல்லை என்று சில இடங்களில் வரும். அங்கேயும் பெட்டி மாடல் உதவும். படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, கோப்பு அறை ஆகியவற்றை மேற்குச் சுவரோடு வரிசையாக வைத்து அதை ஒரு கேடயம்போல ஆக்கினால் என்ன கிடைக்கிறது என்று ஒரு ஓட்டத்தில் தெரிந்துவிடும். மேலே நீட்டிய சன்ஷேடு மேற்கில் உதவாது, சூரியன் அதற்குக் கீழே இறங்கி நேராக உள்ளே பார்க்கும். செங்குத்துப் பலகைகள்தான் அங்கே பேச வேண்டியவை.

கண்ணாடியின் அளவைப் பற்றிச் சுருக்கமாக. மேசை உயரத்துக்குக் கீழே, அதாவது 75 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் கண்ணாடி மேசைக்கு வெளிச்சம் தருவதில்லை, வெப்பம் மட்டும் தருகிறது. ஜன்னலைச் சுவரில் 20 சதவீதத்திலிருந்து 40 வரை கூட்டினால் வெளிச்சம் கூடும். அதற்கு மேல் 70 என்று போகும்போது வெளிச்சத்தில் கிடைப்பது குறைந்துகொண்டே போய், வெப்பம் மட்டும் நேர்க்கோட்டில் ஏறும். ஆஷ்ரே 90.1 தரநிலையும் தன் நேரடி விதிமுறை வழியில் (மாடல் இல்லாமல், பட்டியலிட்ட அளவுகளை அப்படியே பின்பற்றும் வழி) செங்குத்துக் கண்ணாடிக்கு 40 சதவீதத்தை வரம்பாக வைத்திருக்கிறது.

இன்சுலேஷனில் ஒரு தவறான நம்பிக்கையை அடிக்கடி பார்க்கிறேன்: கூட்டினால் கூட்ட நல்லது என்று. வீட்டுக்கு, அதுவும் குளிர்ப் பிரதேச வீட்டுக்கு, அது பெரும்பாலும் சரி. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-ல் முடிந்த முதல் பாசிவ்ஹவுஸ் (மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் கட்டடத்துக்கான தரநிலை) வீடுகள் அந்த வழியில்தான் போயின. அந்தத் தரநிலை அறை சூடாக்க ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக் கூடாது என்கிறது. ஆனால் அகலமான, ஆட்களும் கணினியும் நிறைந்த அலுவலகத்தில் வெப்பம் உள்ளிருந்துதான் பிறக்கிறது. மிதமான காலநிலையில் சுவர் இன்சுலேஷனை இரட்டிப்பாக்கினால் ஆண்டு மொத்தம் அசையவே இல்லை என்று மாடல் காட்டும். சில நேரம் இரவில் தானாக வெளியேறியிருக்க வேண்டிய வெப்பத்தை அது அடைத்து வைத்து, நிலைமையைக் கொஞ்சம் மோசமாக்கவும் செய்யும். கூரை வேறு கதை, அதிலும் வெயில் தலைக்கு மேல் நிற்கும் இடங்களில் கூரை இன்சுலேஷனை விடவே கூடாது. ஆனால் ஐந்து மாடிக் கட்டடத்தில் கூரையை உணர்வது மேல்மாடி ஒன்றுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் எப்படி ஓட்டுவது? முதலில் ஒரு நடுத்தரப் பெட்டி. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், நடைமுறையில் சாத்தியமான குறைந்த அளவுக்கும் அதிக அளவுக்கும் மாற்றி ஓட்டுங்கள். திசை, அகலம், கண்ணாடி விகிதம், கண்ணாடியின் ரகம், நிழல், விளக்கு, பிளக் லோடு, ஆட்கள், வேலை நேரம், அறை வெப்பநிலை. ஒவ்வொன்றும் மொத்தத்தை எவ்வளவு அசைக்கிறது என்பதைப் பட்டைகளாக வரைந்து பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் ஒரே பக்கத்தில் படம் வந்துவிடும். மேலே உள்ள மூன்று நான்கு பட்டைகளைப் பற்றி மட்டும் கூட்டத்தில் பேசுங்கள். பிறகு அந்த மூன்று நான்கையும் சேர்த்து ஓட்டுங்கள், ஏனென்றால் தனித்தனி மிச்சங்களைக் கூட்டினால் சேர்ந்த மிச்சம் வராது. விளக்கைக் குறைத்தால் அது தரும் வெப்பமும் குறையும். குளிர்விக்கும் இடத்தில் அது இரட்டை லாபம், சூடாக்கும் இடத்தில் லாபத்தில் ஒரு பகுதி கழியும். பழகிய கைக்கு முழு வேலையும் சில நாட்கள்தான்.

எண்களைச் சொல்லும் விதத்தில் நேர்மையாக இருங்கள். ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 118.37 யூனிட் என்று இந்தக் கட்டத்தில் எழுதினால் அது பொய். 100-லிருந்து 140 வரை என்று எழுதுங்கள், எந்த ஊகம் அந்த வீச்சை உண்டாக்குகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மென்பொருள்களும் தமக்குள் முழுக்க ஒத்துப்போவதில்லை. ஒரே எளிய பெட்டியைப் பல மென்பொருள்களில் ஓட்டி ஒப்பிடும் பெஸ்டெஸ்ட் சோதனை 1995-ல் வெளிவந்தது. கவனமாகச் செய்தும் விடைகள் ஒரு வீச்சில்தான் வந்தன. அதிலிருந்துதான் ஆஷ்ரே 140 என்ற சோதனைத் தரநிலை பிறந்தது. அதனால் எந்த மென்பொருள் என்பதில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். எனர்ஜிபிளஸ் 2001 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, அதன் மேல் ஓடும் ஓபன்ஸ்டுடியோவும் லேடிபக் கருவிகளும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். நான் மேலே போட்ட கணக்குகளுக்குக் கால்குலேட்டரே போதுமாக இருந்தது.

இப்படித் தொடங்கி முடிந்த ஒரு கட்டடத்தைச் சொல்ல வேண்டும் என்றால், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரில் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்துக்காக 2010-ல் திறந்த ஆய்வு ஆதரவுக் கட்டடம். அங்கே வரைபடத்துக்கு முன்னால் எனர்ஜி இலக்கை முடிவு செய்து ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். வடிவமைத்துக் கட்டித் தருபவர் அந்த இலக்கை அடைய வேண்டும். கணினி மையத்தையும் சேர்த்து அந்த இலக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 110 யூனிட். கட்டடத்தைப் பாருங்கள்: கிழக்கு மேற்காக நீண்ட கிளைகள், ஒவ்வொன்றும் சுமார் 18 மீட்டர்தான் அகலம். பகல் வெளிச்சமும் திறக்கும் ஜன்னலும் எல்லா மேசைக்கும் எட்ட வேண்டும் என்ற தேவையே அந்த அகலத்தை முடிவு செய்தது. மேசையில் இருக்கும் கணினி, தொலைபேசி வரைக்கும் வாட் கணக்கு பார்த்தார்கள். இலக்கு முன்னால் வந்தது, வடிவம் பின்னால் வந்தது.

உங்கள் முதல் கூட்டத்துக்கு மாடலை எடுத்துப் போக வேண்டாம், கேள்விகளை எடுத்துப் போங்கள். தற்போதைய அலுவலகத்தின் ஓர் ஆண்டு மின் ரசீது, மணிவாரியான வருகைப் பதிவு, சர்வர் எங்கே இருக்கும் என்ற முடிவு, அறை வெப்பநிலை 23-ஆ 26-ஆ என்பதில் உரிமையாளரின் கருத்து, பக்கத்து மனையில் என்ன உயரத்துக்குக் கட்ட அனுமதி உண்டு என்ற தகவல். இவை கைக்கு வந்ததும் பெட்டியை ஓட்டி, கட்டிடக் கலைஞர் பென்சிலை எடுக்கும் நாளுக்கு முன்பாக அந்த ஒரு பக்கப் படத்தை அவர் மேசையில் வைத்துவிடுங்கள். வரைபடம் முடிந்ததும் கூப்பிடச் சொன்னவரையும் கூப்பிடுங்கள். சான்றுக்கான மாடலுக்கு அவர் தேவைப்படுவார். அப்போது அவர் கைக்கு வருவது, மேற்குப் பக்கம் ஏற்கெனவே சுருங்கிய கட்டடமாக இருக்கும்.